படித்தோம், பட்டதைச் சொல்கிறோம்

அண்மையில் படித்த நூல்களைப் பற்றி நமக்குப் பட்டதைப் பட்டவாறு எழுதித் தருமாறு ஆசிரியர் அவர்கள் கேட்டிருந்தார்கள். கடிதத்தில் 'பட்டவாறு' என்னும் சொல்லின் கீழ் ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் பொருள் நமக்கு விளங்காமலில்லை. நம் எழுத்தை நெடுநாளாகப் பார்த்து வருகிறவர்கள் அவர்கள். எந்த நூல் வந்தாலும் 'காலத்தின் தேவை' என்றும், 'ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டியது' என்றும் இரண்டு தொடர்களில் முடித்துவிடும் நமது பழைய வழக்கம் அவர்கள் அறியாததா?

அவ்வழக்கம் நம்மை விட்டுப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் நூல்களைப் பற்றிப் பேசப் புகுவது முறையாகாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் தம் கவிதைகளை ஒரு தாள் உறையில் போட்டுக்கொண்டு நம் இல்லம் தேடி வந்தார். துணிக்கடையொன்றில் கணக்கெழுதும் பணி. கவிதைகள் மொத்தம் 64. அணிந்துரை வேண்டும் என்றார். வாங்கி வைத்தோம். அதையடுத்து வீட்டில் ஒரு திருமணம், பின்னர் ஒரு பயணம். உறை மேசையிலேயே கிடந்தது. அவர் மூன்றாம் முறையாக வந்து வாசலில் நின்றபோது, முதற் கவிதையையும் கடைசிக் கவிதையையும் புரட்டிவிட்டு, அவரைத் திண்ணையில் இருத்தி வைத்துக்கொண்டே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தோம். உமறுப்புலவரின் வழித்தோன்றல் என்று அதில் அவரைக் குறிப்பிட்டோம். அவருடைய 64 கவிதைகளில் 62ஐ நாம் படித்திருக்கவில்லை. உமறுப்புலவரைப் படித்திருந்தோமா என்றால், அந்தக் கணக்கு இன்னும் மோசம். அதற்குப் பின்னால் வருகிறோம்.

வெளியீட்டு விழா ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. நமக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பது நிமிடம் பேசினோம். அச்சிட்ட 1000 படிகளில் அன்று முப்பது விற்றிருந்தால் அதிகம். பிறகு அவரை நாம் மறந்தே போனோம். நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய தாயார் மௌத்தான செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்கச் சென்றபோது, நம்மை அமரச் சொன்ன கட்டிலின் கீழே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் ஓரத்தில் கறையான் மண் ஏறியிருந்தது. தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி, நம் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"என் வளையல் நாலும் அதுக்குள்ளதான் மாமா இருக்கு. நீங்க அவ்வளவு பெருசா எழுதிக் கொடுத்தீங்களேன்னுதான் கழட்டிக் கொடுத்தேன்."

குரலில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் வீட்டு நிலவரம் சொல்வது போலத்தான் சொன்னார். அந்தத் தேநீரை எவ்வாறு குடித்து முடித்தோம் என்பது இன்றும் நினைவில்லை. முழுதும் படிக்காத நூலைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றும், படித்தபின் பட்டதை மறைப்பதில்லை என்றும் அன்று வீடு திரும்பும் வழியில் நிய்யத்து வைத்துக்கொண்டோம்.

முதற் கடன் உமறுப்புலவருக்கே இருந்தது. மீலாது மேடைகளில் முப்பது ஆண்டுகளாகச் சீறாப்புராணத்தைப் புகழ்ந்து வந்திருக்கிறோம். கையிருப்பில் இருந்தவை ஏழெட்டுப் பாடல்கள். அவையும் பிறர் மேடையில் கேட்டு மனப்பாடம் செய்தவை. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் சேர்ந்து 5027 பாடல்கள். அத்தனையையும் படித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று கேட்டால் பல தலைகள் கவிழும்; நம் தலை முதலில் கவிழ்ந்தது. எடுத்த எடுப்பில் இயலுவதாயில்லை. செய்குத்தம்பிப் பாவலர் அவர்களின் உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுபுஹுக்குப் பின் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடல் என்று தொடங்கினோம். பதினான்கு மாதங்கள் ஆயின.

நமக்குப் பட்டதைச் சொல்கிறோம். நாட்டுப்படலம் நம்மைக் களைப்படையச் செய்தது. அரபு நாட்டில் கார்மேகம் கவிகிறது, ஆறு பெருகி வருகிறது, வயலில் நெல் விளைகிறது. தமிழ்க் காப்பிய மரபு அது என்று மேடையில் நாமே பலமுறை விளக்கம் சொல்லியிருக்கிறோம். மரபுதான். ஆயினும் அம்மரபுக்காகவே பாடிய பாடல்களுக்கும், நெஞ்சு நெகிழ்ந்து பாடிய பாடல்களுக்கும் உள்ள வேறுபாடு தொடர்ந்து படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. போர்ப் படலங்களில் படைக்கலங்களின் வரிசை வரும்போதெல்லாம் பன்னிரண்டு பாடல் எப்போது முடியும் என்று விரலால் எண்ணியிருக்கிறோம். இதைச் சொன்னால் புலவர் பெருமக்கள் நம்மீது சினம் கொள்ளக் கூடும்.

ஆனால் மானுக்குப் பிணை நின்ற படலத்திற்கு வந்த அன்று கணக்கை மறந்தோம். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பாலுக்கு ஏங்கி நிற்கும் கன்றை நினைத்துப் புலம்புகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் சென்று, கன்றையும் உடன் அழைத்துக்கொண்டு சொன்னபடி திரும்பி வருகிறது. கதை நாம் உம்மாவின் மடியில் கேட்டதுதான். புலவர் அந்த மானைப் பேசவிடுகிற விதம் இருக்கிறதே, அங்கே காப்பிய மரபு எல்லாம் ஒதுங்கி நின்று ஒரு தாய் மட்டும் பேசுகிறாள். முப்பது ஆண்டுகள் மேடையில் முழங்கிய நாம் இந்தப் படலத்தை ஒருமுறைகூடக் குறிப்பிட்டதில்லை. படித்திருந்தாலல்லவா குறிப்பிடுவதற்கு! ஹிஜ்ரத்துக் காண்டம் முற்றுப் பெறாமல் நின்றுபோகும் இடத்தில், ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டது போன்ற வெறுமை தோன்றியது. மீதி வரலாற்றைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்று பாடி நிறைவு செய்தார் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அதை இன்னும் நாம் படிக்கவில்லை. எனவே அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

சீறா முடிந்த கையோடு, பேத்தியின் மேசையிலிருந்த வைக்கம் முகம்மது பஷீர் அவர்களின் யானைக் கதையை எடுத்தோம். மலையாளத்தில் 1951இல் வந்த குறுநாவல், தமிழிலும் கிடைக்கிறது. ஒரே மாலையில் முடித்தோம். என் வாப்பாவுக்கு ஓர் ஆனை இருந்தது, பெரிய கொம்பன் ஆனை என்று, சொத்தெல்லாம் போன பின்னரும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் குஞ்ஞுத்தாச்சும்மாவைப் பார்த்து, அது வெறும் குழியானை என்று தெருப் பிள்ளைகள் கூவுகிறார்கள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாளாம். நாமும் சிரிக்கத் தொடங்கினோம், பாதியில் நிறுத்திக்கொண்டோம். மீலாது மேடைகளில் நாம் கட்டி இழுத்துக்கொண்டு போனது எந்த யானை என்னும் ஐயம் வந்துவிட்டது.

தோப்பில் முஹம்மது மீரான் அவர்களுக்கும் நாம் ஒரு கடன் பட்டிருந்தோம். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வெளிவந்தபோது நமக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் ஒரே பேச்சு. சமுதாயத்தின் அழுக்கை நாலு பேர் முன்னே கொட்டுகிறார் என்று சிலர் சொல்ல, முப்பது பக்கம் படித்துவிட்டு மீதியைச் சினத்தினால் நிரப்பிக்கொண்டு, ஓர் இதழுக்கு நீண்ட கண்டனக் கடிதம் எழுதினோம். அச்சிலும் வந்தது. அதைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டியும் வைத்திருந்தோம்!

சென்ற ஆண்டு முழுதும் படித்தோம். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை, வடக்குவீட்டு முதலாளியின் காலடியில் கிடக்கும் ஊர், ஓதி ஊதிய தண்ணீரில் வயிறு வளர்க்கும் தங்ஙள், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தால் ஈமான் போய்விடும் என்னும் கூக்குரல். இதில் நாம் காணாதது எது? நம் ஊரிலும் ஒரு முதலாளி வீடு இருந்தது. அந்த வீட்டார் வருமளவும் பள்ளியில் ஜமாஅத்து காத்திருந்ததை நம் கண்ணால் கண்டிருக்கிறோம். நமது கண்டனக் கடிதத்தில், இத்தகைய ஊர் தமிழ்நாட்டில் எங்குமில்லை என்று எழுதியிருந்தோம். எழுதியபோதே அது பொய்யென்று கைக்குத் தெரிந்திருக்கும், வாய்க்குத்தான் தெரியவில்லை.

அவர் மலையாள வழியில் கல்வி கற்றவர். அதனால் மலையாளம் கலந்த அந்தப் பேச்சுத் தமிழ் முதலில் நம்மைத் தடுக்கியது. ஐம்பது பக்கம் போனபின் அதுவே காதில் அலையோசை போல் ஆகிவிட்டது. குறையும் உண்டு. முதலாளியைச் சித்திரித்த அளவு நுணுக்கமாக அவருடைய வீட்டுப் பெண்களை ஆசிரியர் சித்திரிக்கவில்லை. அவர்கள் துன்பப்படுவதற்கென்றே வந்தவர்கள் போலத் தோன்றுகிறார்கள். இப்படி ஒரு கருத்தை 1988இல் எழுதியிருந்தால் அவருக்கும் பயன்பட்டிருக்கும். 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதாவது ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கலாம். போடவில்லை. 2019 மே மாதத்தில் அவர் மறைந்துவிட்டார்.

நிற்க. நம்மைப் பல இரவுகள் உறங்கவிடாமல் செய்த நூல் இப்னு பதூதாவின் பயண வரலாறு. இந்தியா, மாலத்தீவு, இலங்கை பற்றிய பகுதிகளை மஹ்தி ஹுசைன் அவர்கள் ஆங்கிலமாக்கி 1953இல் பரோடாவிலிருந்து வெளிவந்த பதிப்பு ஒரு நூலகத்தில் கிடைத்தது. தாஞ்சியர் நகரிலிருந்து 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட இருபத்தொரு வயது இளைஞர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுற்றிவிட்டு, தாம் கண்டதையெல்லாம் ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவித்தது இந்நூல்.

அவரைப் பற்றிய குறைகளை முதலில் சொல்லிவிடுவோம். தமக்கு யார் யார் என்னென்ன வெகுமதி தந்தார்கள் என்பதை வட்டிக்கடைப் பேரேடு போல் எழுதுகிறார். போன இடமெல்லாம் மணம் முடிக்கிறார், புறப்படும்போது மணவிலக்குச் செய்கிறார். அப்பெண்களில் பலருக்கு ஒரு பெயர்கூட அவர் ஏட்டில் இல்லை. மக்காவையும் டமாஸ்கஸையும் பற்றிய வருணனைகளில் பெரும்பகுதி அவருக்கு முன் சென்ற இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். சீனப் பயணத்தையே ஐயுறுவோரும் உளர்.

இவ்வளவு இருந்தும் நம் நாட்டுப் பகுதி வரும்போது நூலைக் கீழே வைக்க முடியவில்லை. 1344ஐ ஒட்டிய காலத்தில், இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய மரக்கலம் மாபார் கரையருகே உடைந்துபோக, மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் பாசறைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். சுல்தானும் அவரும் சகலைகள். ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளிர் இருவரை இருவரும் மணந்திருந்தனர். மாலத்தீவின்மீது படையனுப்பும்படி சகலையை இவர் தூண்டவும் செய்கிறார். ஆக, உண்டவர், உறவினர், காரியம் ஆக வேண்டியவர்.

அந்தச் சகலை காட்டில் சிறைபிடித்த மக்களுக்குச் செய்ததை அவர் எழுதியிருக்கிறார். முனை சீவிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமத்திக் கொண்டுவந்து, மறுநாட் காலை பாசறையின் நான்கு வாயில்களிலும் அதே மரங்களில் அவர்களைக் கழுவேற்றியதை எழுதியிருக்கிறார். பெண்டிரையும் பிள்ளைகளையும் செய்ததையும் எழுதியிருக்கிறார். அதை இங்கே நாம் திரும்ப எழுத மாட்டோம். வேறு எந்த அரசரிடமும் காணாத கொடுமை என்றும், இறைவன் அம்மன்னனின் முடிவை விரைவுபடுத்தியது இதனால்தான் என்றும் பதிவு செய்திருக்கிறார். நம் மேடைகளில் மதுரைச் சுல்தான்களைப் பற்றிப் பேசும் அன்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். நாமும் தாண்டியவர்களே. இதையே கையில் பிடித்துக்கொண்டு ஒரு சமுதாயத்தின்மீதே பழி போடுகிறவர்கள், எழுதியவர் யார் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு காட்சி நம் மனத்தில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. ஒருநாள் சுல்தானுடன் அமர்ந்திருக்கையில் ஒரு சிறைக்கைதியைக் கொண்டுவருகிறார்கள். சுல்தான் ஏதோ கட்டளையிட, ஏவலர் கத்தியை உருவுகின்றனர். இப்னு பதூதா விரைந்து எழுகிறார். எங்கே போகிறீர் என்று சுல்தான் கேட்க, அஸர் தொழப் போவதாகச் சொல்கிறார். சுல்தானுக்கு விளங்கிவிடுகிறது, சிரித்துவிட்டு, அந்த மனிதனின் கைகால்களை வெட்டச் சொல்கிறார். தொழுதுவிட்டுத் திரும்பியவர் அவன் இரத்தத்தில் கிடக்கக் காண்கிறார்.

எழுந்து போனாரே தவிர, வேண்டாம் என்று சொன்னாரில்லை. சுல்தான் மாண்டு, பத்தாண்டுகள் கடந்து, ஆயிரமாயிரம் காதத்துக்கு அப்பால் பத்திரமாக இருந்துகொண்டுதான் எழுதினார். இதைக் கோழைத்தனம் என்று ஒரு தாளில் குறித்து வைத்தோம். பிறகு அதை அடித்துவிட்டோம். தாம் எழுந்து போனதையும், எதைச் சாக்காகச் சொன்னார் என்பதையும் அவரே அல்லவா நமக்குச் சொல்கிறார்? மறைத்திருந்தால் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் யாருக்குத் தெரியப் போகிறது? நம் வாழ்நாளில், வாய் திறக்க வேண்டிய இடத்தில் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்த கூட்டங்கள் எத்தனை! அவற்றில் ஒன்றையேனும் நாம் எழுதி வைத்திருக்கிறோமா?

இதே பகுதியில் இன்னொரு செய்தி. மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அவருக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் பேதியாகிக் குணமடைந்தார். நம் இல்லாளிடம் இதைப் படித்துக் காட்டினோம். "நம்ம ரசம்தான் பிழைக்க வச்சிருக்குது" என்றார். மிளகு, சீரகம் பற்றி ஏட்டில் குறிப்பில்லை என்று சொல்லிப் பார்த்தோம், ஏற்றுக்கொள்ளவில்லை.

இடையே பேரன் ஒருவன், விரைவில் செல்வந்தராகும் வழியைக் கூறும் நூலொன்றைப் பரிசளித்தான். முப்பது நாளில் பலன் தெரியும் என்று அட்டையில் போட்டிருந்தது. படித்து முடிக்கவே நமக்கு நாற்பது நாள் ஆயிற்று. ஒரே கருத்தைப் பதினெட்டு அத்தியாயங்களில் சொல்லியிருந்தார்கள். அந்நூலால் செல்வந்தரானவர் ஒருவர் நிச்சயம் உண்டு. அவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.

கண்டி அறிஞர் சித்திலெப்பை அவர்களின் 'அசன்பே சரித்திர'த்தையும் படித்தோம். 1885இல் வந்தது, தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது. எகிப்து, பம்பாய், கல்கத்தா என்று கதை ஓடுகிறது. முதன்மை என்னும் பெருமைக்கு உரியது, ஐயமில்லை. கதையாகப் படிக்கும்போது தற்செயல்கள் மிகுதி. நல்லவர்கள் மிக நல்லவர்கள், கெட்டவர்கள் மிகக் கெட்டவர்கள். மாணவர் ஒருமுறை படிக்கலாம். நாம் இன்னொருமுறை படிக்க மாட்டோம்.

பறவையியல் அறிஞர் சலீம் அலி அவர்கள் 1985இல் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாற்றைப் பற்றி நமக்கு நேர்மாறான எண்ணம். ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்பது அதன் பெயர். பெற்றோரை மழலைப் பருவத்திலேயே இழந்து, பம்பாய் கேத்வாடியில் மாமா அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவர், காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்துகிறார். கழுத்தில் மஞ்சள் நிறம். இதை உண்பது ஆகுமா என்று ஐயம் வந்து மாமாவிடம் கொண்டுபோகிறார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைக்கிறார். அங்கே செயலாளர் மில்லார்டு, அலமாரிகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஹலாலா ஹராமா என்று கேட்கப் போன பிள்ளை அப்படியே அந்த அலமாரிக்குள் புகுந்து, வாழ்நாள் முழுதும் வெளியே வரவில்லை.

நமக்குப் பிடித்தது அவருடைய ஒளிவுமறைவின்மை. பறவைகளை ஆராய்ச்சிக்காகச் சுட்டதைப் பூசி மெழுகவில்லை. வேலை போன கதையையும் அப்படியே சொல்கிறார். ஜெர்மனியில் பயின்று திரும்பினால் அருங்காட்சியக வேலையே இல்லாமற் போயிருந்தது. கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் குடியிருந்தபோது, 1930இல், வாசலருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைக் கவனிக்கத் தொடங்குகிறார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண்குருவிகள் வந்து உள்ளே வெளியே பார்க்கின்றன. ஒன்று மனமொப்பிக் குடியேறினால், கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஆண்குருவி அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போகிறது. இவ்விடத்தில் இப்னு பதூதாவின் மாலத்தீவு அத்தியாயம் நினைவுக்கு வந்ததற்கு நாம் பொறுப்பல்லோம். மனைவி தெஹ்மினா 1939இல் மறைந்ததைச் சொல்லும் இடம் சில பக்கங்களே, சொற்கள் சிக்கனம், நாம் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் முற்றத்தில் நின்றோம். பயணங்களும் பறவைப் பெயர்களும் அடுக்கடுக்காக வரும் பக்கங்களில் கண் செருகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இறுதியாக ப. சிங்காரம் அவர்களின் 'புயலிலே ஒரு தோணி.' இதை நடுநிலையோடு மதிப்பிட நமக்கு இயலாது, காரணம் சொல்கிறோம்.

நம் வாப்பா பினாங்கில் சூலியாத் தெருத் துணிக்கடையொன்றில் இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார்கள். 1946இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. அடுத்த ஆண்டு நாம் பிறந்தோம். அந்த ஐந்தாண்டுகளைப் பற்றி அவர்கள் மௌத்தாகும் வரை ஒரு சொல் சொன்னதில்லை. நாம் அறிந்ததெல்லாம் மூன்று. வானூர்தியின் ஒலி கேட்டால் முற்றத்தில் இருப்பவர்கள் எழுந்து வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். மரவள்ளிக் கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். தகரப் பெட்டியின் அடியில், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தது. எறியவும் மாட்டார்கள், எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். இளமையில் இவற்றையெல்லாம் கிழவரின் கிறுக்கு என்று எண்ணியிருந்தோம்.

சிங்காரம் அந்நாடுகளில் வாழ்ந்து திரும்பியவர். 1942இல் ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைவதும், கொள்ளையடித்தோரின் தலைகளை வெட்டிக் கடைத்தெருவில் மேசைமீது வரிசையாக வைத்திருப்பதும், ஊர் அதைச் சுற்றி நின்று பார்ப்பதும் முதற் பக்கங்களிலேயே வந்துவிடுகின்றன. அங்கே நாம் நிறுத்தினோம். அந்தக் கூட்டத்தில் யார் யார் நின்றார்கள்? துணிக்கடைச் சிப்பந்திகளும், வட்டிக்கடை அடுத்தாட்களும், கணக்கப்பிள்ளைகளும். பினாங்கிலும் இப்படி ஒரு மேசை இருந்திருக்குமோ என்று எண்ணாமல் அதற்குமேல் ஒரு பக்கமும் புரட்ட முடியவில்லை. தோணி புயலில் அகப்படும் பகுதியை நம் இல்லாளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டத் தொடங்கி, குரல் ஒத்துழைக்காமல் நிறுத்தினோம். வாப்பா சொல்லாமல் போனதை, வாப்பாவை அறியாத ஒருவர் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறையில்லாத நூலா என்றால் இல்லை. பினாங்கு நண்பர்களின் குடியும், குடியோடு சேர்ந்த தமிழ்ப் புலமை வாதங்களும் தேவைக்கு மேல் நீளுகின்றன. பெண்கள் நிழல்களாகவே வந்து போகிறார்கள். கதைத் தலைவன் பாண்டியன் சில இடங்களில் நம்ப முடியாத அளவுக்கு வல்லவன். இவையெல்லாம் நமக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்தும் மூன்று முறை படித்தோம்.

எழுதி ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்து 1972இல்தான் இந்நாவல் அச்சேறியது. மதுரையில் ஒரு நாளிதழில் பணிபுரிந்துகொண்டு தனியாகவே வாழ்ந்த அம்மனிதர், இரண்டே நாவல்களோடு நிறுத்திக்கொண்டு 1997இல் மறைந்தார். உயிரோடிருந்த நாளில் அவரைத் தேடிப் போய்ப் பாராட்டியவர்கள் மிகச் சிலர். அதே ஆண்டுகளில் நாம் யார் யாருக்கு அணிந்துரை எழுதிக்கொண்டிருந்தோம் என்று பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். பார்த்திருக்க வேண்டாம்.

அந்தத் துணிக்கடை அன்பர் சென்ற ரஜபு மாதத்தில் மீண்டும் ஒரு கவிதைக் கட்டை அனுப்பியிருந்தார். இம்முறை 38 கவிதைகள். மூன்று முறை படித்தோம், பென்சிலால் குறித்தோம், நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். 11 கவிதைகள் நிற்கின்றன, மீதி நிற்கவில்லை, நிற்காதவற்றில் பெரும்பாலானவை பிற கவிஞர்களின் குரல், கடையில் துணி அளக்கும் கோலைப் பற்றிய கவிதை நாம் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தது. முதல் நூலின் அணிந்துரையைப் படிக்காமல் எழுதினோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதினோம். அதை அஞ்சற் பெட்டியில் போடுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

மறுமொழி வரவில்லை. ஐந்து வாரம் கழித்து அவரே வந்தார். அணிந்துரை பற்றிப் பேசவில்லை. நாம் அடித்திருந்த ஒரு கவிதையை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இது உங்களுக்குப் புரியல மாமா. துணிப்பொதியோட கடைசித் துண்டை நாங்க எப்படி விலை போடுவோம்னு தெரிஞ்சாத்தான் இது புரியும்" என்று சொல்லி, அரைமணி நேரம் அந்த வியாபாரத்தை விளக்கினார். கேட்டுவிட்டு மீண்டும் படித்தோம். அவர் சொன்னது சரி. 12 என்று திருத்தினோம்.

"இப்ப அச்சடிக்கலாமா?" என்று கேட்டார்.

பன்னிரண்டு போதாது என்றோம். கட்டை வாங்கி, ரப்பர் வளையம் மாட்டி, சைக்கிளின் பின்னால் செருகிக்கொண்டு புறப்பட்டார். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.